ஸ்வீடன் தப்பித்ததா? முதியோர் வார்டிலிருந்து ஒரு பதில்

"ஸ்வீடன்ல ஊரடங்கே போடலையாமேம்மா, அவங்க நல்லாத்தானே இருக்காங்க?" 2020 ஏப்ரலில் ஊரிலிருந்து சித்தப்பா ஃபோனில் கேட்டார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே கேள்வியை நோயாளிகளின் பிள்ளைகளும் நண்பர்களும் என்னிடம் கேட்கிறார்கள். நான் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் முதியோர் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர். கொரோனா காலம் முழுக்க அந்த வார்டில்தான் இருந்தேன். ஒரு வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலியில் பெர்காமோ பக்கத்தில் நெம்ப்ரோ என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 11,500. வழக்கமாக அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை 35 பேர் அளவுக்கு இறப்பார்கள். 2020-இல் அதே மூன்று மாதங்களில் 158 பேர் இறந்தார்கள். அரசுக் கணக்கிலோ கொரோனா மரணம் 31 மட்டும். மற்றவர்களும் அதே காய்ச்சலில், அதே மூச்சுத்திணறலில்தான் பெரும்பாலும் போனார்கள். பரிசோதனை செய்ய ஆளில்லை, அவ்வளவுதான். பெல்ஜியத்தில் இதற்கு நேர்மாறு. முதியோர் இல்லத்தில் கொரோனா என்று சந்தேகப்பட்டாலே, பரிசோதனை இல்லாவிட்டாலும் கணக்கில் சேர்த்தார்கள். அதனால் அந்த வசந்த காலத்தில் உலகத்திலேயே மோசமான நாடு என்ற பெயரை வாங்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 2020 ஆகஸ்ட்டில் ஒரு விதி மாறியது. தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தால்தான் கொரோனா மரணம் என்றார்கள். ஒரே நாளில் 5,000-க்கும் மேற்பட்ட மரணங்கள் பட்டியலிலிருந்து காணாமல் போயின. இறந்தவர்கள் யாரும் எழுந்து வரவில்லை.

அதனால் நாடுகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது கூடுதல் இறப்பைத்தான். வழக்கமாக அந்தக் காலகட்டத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்ற கணக்கு அது. அதில் எந்த அரசும் எதையும் ஒளிப்பது கடினம்.

சரி, ஸ்வீடன். அங்கே எதுவுமே செய்யவில்லை என்பது தவறு. ஐம்பது பேருக்கு மேல் கூடத் தடை வந்தது. மேல்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் வீட்டிலிருந்து பாடம் நடத்தின. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பள்ளிகள் மட்டும் திறந்திருந்தன. உடம்பு சரியில்லை என்று வேலைக்கு லீவு போட்டால் முதல் நாளிலிருந்தே பணம் கொடுத்தார்கள். இது மிகப் பெரிய விஷயம். காய்ச்சலோடு வேலைக்குப் போகும் கட்டாயம் குறைந்தது. தனியாக வசிப்பவர்களும் அங்கே மிக அதிகம். அப்படியிருந்தும் 2020 முடியும்போது, மக்கள்தொகைக் கணக்கில் பக்கத்து நாடான நார்வேயைவிடப் பத்து மடங்கு அளவுக்கு ஸ்வீடனில் கொரோனா மரணம் நடந்திருந்தது. நார்வேயும் டென்மார்க்கும் மார்ச் இரண்டாம் வாரத்திலேயே கதவைச் சாத்தின. ஏப்ரல் முடிவதற்குள் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் திறக்கவும் தொடங்கிவிட்டன.

ஆனால் 2020, 2021, 2022 மூன்றாண்டுகளையும் சேர்த்துக் கூடுதல் இறப்பைக் கணக்குப் போட்டால், ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. இதையும் மறைக்கக் கூடாது. ஊரடங்கு வேண்டாம் என்பவர்கள் இதை மட்டும் சொல்கிறார்கள், வேண்டும் என்பவர்கள் முன்னதை மட்டும் சொல்கிறார்கள். ஸ்வீடன் அமைத்த விசாரணைக் குழு இரண்டையும் சொன்னது: மக்களை நம்பி வழிநடத்தியது பெருமளவு சரி, ஆனால் தொடக்கத்தில் தாமதித்தது தவறு, முதியோர்களைக் காப்பாற்றத் தவறினோம்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாதது. ஏனென்றால் அது எங்கள் நாட்டுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். 2020 மார்ச்சில் வார்டுகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. ஏப்ரல் 15 வரை இங்கிலாந்தில் சுமார் 25,000 பேரை மருத்துவமனைகளிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினோம். அறிகுறி இல்லாதவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை என்பது அப்போதைய விதி. இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த ஒரு பாட்டியின் டிஸ்சார்ஜ் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அவருக்குக் காய்ச்சல் இல்லை. "வீட்டுக்குப் போறேன்" என்று சந்தோஷமாகப் போனார். பத்து நாள் கழித்து அந்த இல்லத்திலிருந்து ஃபோன் வந்தது. அவரும் போய்விட்டார், பக்கத்து அறைகளில் மூன்று பேரும் போய்விட்டார்கள். அவர்தான் கொண்டுபோனாரா, இரண்டு மூன்று இல்லங்களில் மாறி மாறி வேலை பார்த்த பணியாளர் யாராவது கொண்டுவந்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்டிருக்க வேண்டும். அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் தொற்று பரவும் ஆபத்தை அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை, அது சட்டத்துக்குப் புறம்பானது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது.

அறிகுறி இல்லாதவர்களைப் பற்றி இத்தாலியின் வோ என்ற சிற்றூர் முன்பே காட்டியிருந்தது. பிப்ரவரி 21 அன்று அங்கே ஒருவர் இறந்ததும் ஊரை மூடினார்கள். சுமார் 3,300 பேர் கொண்ட அந்த ஊரில் பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். தொற்று இருந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அவர்களைத் தனிமைப்படுத்தியதும் ஊரில் பரவல் அடங்கியது. அதே வாரங்களில் நெம்ப்ரோவையும் பக்கத்து அல்சானோவையும் மூடலாமா வேண்டாமா என்று ரோமிலிருந்த மத்திய அரசும் மிலானிலிருந்த மாநில அரசும் பேசிக்கொண்டே இருந்தன. அப்புறம் மார்ச் 18 இரவு பெர்காமோவிலிருந்து ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிச் சென்றதை உலகமே பார்த்தது. இரண்டும் வட இத்தாலிதான்.

முதல் அலையில் நன்றாகச் செய்தவர்கள் எப்போதும் நன்றாகச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியை அப்போது நாங்கள் பொறாமையோடு பார்த்தோம். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஜனவரியிலேயே பிசிஆர் பரிசோதனை முறையை வகுத்துக் கொடுத்தது. ஐசியூ படுக்கைகள் இத்தாலியைப் போல மூன்று நான்கு மடங்கு. பக்கத்து நாட்டு நோயாளிகளைக்கூட அழைத்துப் பார்த்தார்கள். 2020 அக்டோபர் இறுதிவரை அங்கே இறந்தவர்கள் சுமார் 10,500 பேர். அடுத்த நான்கே மாதங்களில் அது 70,000 ஆனது. நடவடிக்கையைத் தள்ளிப்போட்டார்கள், முதியோர் இல்லங்களுக்குள் தொற்று புகுந்துவிட்டது. செக் குடியரசின் கதை இன்னும் வேதனை. மார்ச்சிலேயே முகக்கவசத்தைக் கட்டாயமாக்கித் தப்பித்தவர்கள், ஜூன் 30 அன்று பிராக் நகரின் சார்லஸ் பாலத்தில் 500 மீட்டர் நீள மேசை போட்டு, கொரோனாவுக்கு விடைகொடுத்து விருந்து சாப்பிட்டார்கள். ஆகஸ்ட்டில் முகக்கவசத்தைப் பரவலாகத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்து, சில நாளில் தளர்த்திவிட்டார்கள். அடுத்த மார்ச்சுக்குள் 20,000-க்கு மேல் இறந்தார்கள்.

தடுப்பூசி வந்தபின் எல்லாம் மாறியது. போர்ச்சுகல் 2021 ஜனவரியில் நொறுங்கிப்போனது. லிஸ்பன் மருத்துவமனைகளின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அதே நாடு ஒரு கடற்படை அதிகாரியின் பொறுப்பில் தடுப்பூசிப் பணியை ஒப்படைத்து, இலையுதிர் காலத்துக்குள் நூற்றுக்கு 85 பேருக்குப் போட்டுமுடித்தது. பல்கேரியாவிலும் தடுப்பூசி இருந்தது. மூன்றில் ஒரு பங்கு மக்கள்கூட முழுமையாகப் போட்டுக்கொள்ளவில்லை, முதியவர்களிலும் பலர் மறுத்துவிட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கில் ஐரோப்பாவில் மிக அதிக மரணம் அங்கேதான். அரசையும் மருத்துவரையும் நம்பாத இடத்தில் ஊசி ஃப்ரிட்ஜிலேயே இருந்துவிடுகிறது.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் ஒருநாள் விளக்கமாகச் சொன்னேன். "அப்போ எந்த நாடு மாதிரி செய்யணும்?" என்றார். நாட்டை விடுங்கள், நம் அத்தை இருக்கும் இல்லத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள் என்றேன். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு கிடைக்குமா? அவர்கள் வேறு எத்தனை இடத்தில் வேலை பார்க்கிறார்கள்? வார்டிலிருந்து யாரையாவது இல்லத்துக்கு அனுப்பும்முன் நானே ஃபோன் போட்டு இப்போது இதைக் கேட்கிறேன். பதில் திருப்தியாக இல்லையென்றால் டிஸ்சார்ஜ் தாள் மேசையிலேயே இருக்கும்.