மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு

கருத்தடை மாத்திரையின் பக்கவிளைவுகளைப் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் 'மன அழுத்தம் வரலாம்' என்றே எழுதுகிறார்கள். நேற்றும் ஒன்று படித்தேன், பொறுக்க முடியவில்லை. சொல்ல வந்தது டிப்ரஷன். அதற்குத் தமிழ் மனச்சோர்வு. மன அழுத்தம் என்பது ஸ்ட்ரெஸ்.

டிப்ரஷனின் லத்தீன் வேருக்குக் 'கீழே அமுக்குதல்' என்று பொருள், அதைப் பார்த்துத்தான் அழுத்தம் என்று போட்டார்களோ என்னவோ. வானிலைக்காரர்கள் அதே டிப்ரஷனைக் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்கிறார்கள், அங்கே அழுத்தம் குறைகிறது! தமிழில் அழுத்தம் என்றால் ஏதோ ஒன்று மேலே ஏறி உட்கார்ந்து அமுக்க வேண்டும்: வேலை, கடன், மாமியார் வீடு. மனச்சோர்வுக்கு அப்படி ஒரு காரணம் இருந்தாக வேண்டியதில்லை, எல்லாம் நன்றாக இருக்கிற வீட்டிலும் வரும். சோர்தல் என்றால் தளர்தல், வாடுதல், வழிதல்; 'கண்ணீர் சோர' என்பதிலும் அதே சோர்தான். 'சோர்வு என்றால் வெறும் களைப்பு மாதிரி இருக்கிறதே' என்பார்கள். உடம்புக்குக் களைப்பு, அசதி, அலுப்பு என்று எத்தனை சொல் இருக்கிறது, அப்புறம் மனம் என்று எதற்கு முன்னால் சேர்க்கிறோம்?

டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. 15 முதல் 19 வயதுக்குள் இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரை எடுத்தவர்கள் மனச்சோர்வுக்கு முதன்முறையாக மருந்து தொடங்குவது, ஹார்மோன் கருத்தடை எடுக்காதவர்களைவிட சுமார் 1.8 மடங்கு. மாத்திரைதான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை, பலருக்கு ஒன்றும் ஆவதுமில்லை. ஆனால் இதை 'மன அழுத்தம்' என்று எழுதினால் படிக்கிற பெண் 'எனக்கென்ன டென்ஷன்' என்று தாண்டிப் போய்விடுவாள். அகராதியில் முதலில் கண்ணில் படுவதை ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிப்பதே இல்லை.

என் தங்கை மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் தலைகூட வாராமல் உட்கார்ந்திருப்பாள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். டாக்டர் 'மன அழுத்தம் ஏதாவது இருக்காம்மா?' என்று கேட்டார். 'இல்லைங்க, வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க' என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு மாதம் கழித்து அம்மா கூடவே போய், 'பிள்ளை எந்நேரமும் சோர்ந்தே கிடக்கா டாக்டர்' என்று சொன்ன பிறகுதான் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.