நெல்லைத் தாங்குவது தரையா, சுவரா?

நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பாட்டி வீட்டுக் குதிரில் (நெல் சேமிக்கும் மண்கூட்டில்) ஆளுயரத்துக்கு நெல் கிடக்கும். அடியில் இருக்கும் துளையை ஒரு கைப்பிடி வைக்கோலால்தான் அடைத்திருப்பார்கள். அவ்வளவு பாரத்துக்கு அந்த அடைப்பு எப்படி நின்றது?"

அருமையான கேள்வி. தண்ணீர்த் தொட்டி என்றால் ஆழம் கூடக்கூட அடியில் அழுத்தம் கூடும். நெல் அப்படி இல்லை. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணிகள்மேல் சாய்ந்து நிற்கிறது. மேலேயுள்ள பாரம் முழுவதும் நேராகக் கீழே இறங்குவதில்லை; மணிக்கு மணி கைமாறி, பக்கவாட்டில் போய்ச் சுவரை முட்டுகிறது. உமியும் சொரசொரப்பு, மண்சுவரும் சொரசொரப்பு. அந்த உராய்வில் சுவர் நெல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஆழம் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆனபின், மேலே எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் ஏறுவது மிகக் குறைவு. ஜெர்மன் பொறியாளர் யான்சன் 1895இல் இதற்குச் சமன்பாடே எழுதினார்.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு அங்குல பிவிசி குழாயைத் தராசுத் தட்டைத் தொடாமல், ஆனால் அரிசி நழுவாத இடைவெளியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோ அரிசியைக் கொட்டுங்கள். தராசு ஒரு கிலோவுக்கு வெகு கீழேயே நின்றுவிடும். மிச்சத்தைக் குழாயின் சுவர் சுமக்கிறது. அதாவது உங்கள் கை.

துளையைத் திறந்தால் இன்னொரு அழகு. துளைக்கு மேலே மணிகள் ஒன்றையொன்று தாங்கி ஒரு வளைவு கட்டும்; அது உடையும்; உடனே அடுத்தது கட்டும். வளைவுக்குக் கீழே இருப்பது மட்டுமே விழும். அதனால்தான் குதிர் நிறைந்திருந்தாலும் பாதி காலியானாலும் நெல் ஒரே வேகத்தில் இறங்குகிறது. சின்ன வயதில் அதன் கீழே கையை நீட்டி, சுணை அரிக்க அரிக்க நின்றிருக்கிறேன்.

சரி, சுவர் இவ்வளவு சுமந்தால் வெடிக்காதா? அதற்குத்தான் வட்டம். வெளித்தள்ளல் எல்லாப் பக்கமும் சமம். விரிசல் விட மூலை இல்லை. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் நிற்கும் நாயக்கர் காலக் களஞ்சியமும் வட்டம்தான். 3,000 கலம் (கலம் என்பது பழைய நெல் அளவு) பிடிக்கும்.

இப்போது காவிரி டெல்டாவில் குதிரும், மரப்பெட்டியான பத்தாயமும் அரிது. மெஷின் அறுத்த நெல் ஈரத்தோடு நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. விதை உயிருள்ளது, மூச்சு விடும். ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மூச்சின் சூட்டிலேயே பூசணம் பிடிக்கும். ஈரநெல்லைக் குதிரில் கொட்ட முடியாது, உண்மை. ஆனால் குறுவை நெல் தார்ப்பாய்க்குக் கீழே மழையில் முளைப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. ஊருக்கு ஓர் உலர்த்தி, ஒரு வட்டக் களஞ்சியம்: இதற்கான ஆராய்ச்சிக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

உங்கள் வீட்டில் குதிர் மிச்சமிருந்தால், இடிக்கும் முன் அதன் சுவர் அடியில் எத்தனை விரல்கடை (விரல் அகலம்) கனம், மேலே எத்தனை என்று அளந்து எழுதுங்கள்.