அடுப்பை அணைத்த பிறகு: வீட்டுச் சமையலும் குழந்தையின் வயிறும்

வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோரிடம், கடைசியாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் "வெளியே எதுவும் வாங்கித் தரவில்லை டாக்டர், எல்லாம் வீட்டில் செய்ததுதான்" என்பதாகவே இருக்கும். அந்தப் பதிலில் பெற்றோரின் அக்கறையும் உழைப்பும் தெரிகின்றன. அதை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் குழந்தைநல மருத்துவராக எனக்கு அடுத்துத் தேவைப்படும் விவரங்கள் வேறு. அந்த உணவை எப்போது சமைத்தீர்கள், சமைத்த பின் அது எந்தப் பாத்திரத்தில், எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது, மறுபடி எப்படிச் சூடாக்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகும்போதுதான், சமைத்த விதத்தில் குறையே இல்லாத ஓர் உணவு, சமைத்து முடித்த பிறகு கழிந்த மணி நேரங்களில் கெட்டுப்போயிருப்பது சில குடும்பங்களில் தெரியவருகிறது.

குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு ரோட்டா, நோரோ போன்ற வைரஸ்களால் வருவது; ஒவ்வொரு வாந்திக்கும் சமையலறையைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும், உணவால் வரும் நோய்களின் சுமை சிறு குழந்தைகள் மீதே அதிகம் விழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் உணவு மூலம் நோயுறுகிறார்கள், சுமார் 4,20,000 பேர் இறக்கிறார்கள், அவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். உடலில் நீரின் இருப்புக் குறைவாக இருப்பதாலும், நோய் எதிர்ப்பாற்றல் இன்னும் முழுமையாக வளராததாலும், பெரியவர்கள் ஒரு நாள் சோர்வோடு கடந்துவிடும் பாதிப்பு இவர்களை மருத்துவமனை வரை கொண்டுவந்துவிடுகிறது.

வேலைக்குச் செல்லும் தாயோ தந்தையோ விடுமுறை நாளில் மொத்தமாகச் சமைத்து, அடுத்த சில நாள்களுக்கு எடுத்துவைப்பதில் மருத்துவ ரீதியாக எந்தத் தவறும் இல்லை. வேளைக்கு வேளை புதிதாகச் சமைக்காதவர்கள் பிள்ளைகளை அக்கறையாக வளர்க்காதவர்கள் என்று உறவினர்கள் பேசுவதைக் கேட்டு மனம் நொந்துபோன பெற்றோர் பலரை நான் பார்த்திருக்கிறேன். உரிய நேரத்தில் குளிரவைத்து, ஒழுங்காக மூடிவைத்து, நன்றாகச் சூடாக்கித் தரப்படும் நேற்றைய உணவு, காலையில் சமைத்து மாலை வரை மேசை மீதே இருந்த இன்றைய உணவைவிடப் பாதுகாப்பானது. உணவின் வயதை நாள்களில் மட்டும் கணக்கிடாமல், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிட வேண்டும்.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கொதிக்கவைத்தால் எல்லாக் கிருமிகளும் செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பல பாக்டீரியாக்கள் சாகும் என்பது உண்மைதான். ஆனால் பேசில்லஸ் செரியஸ், கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் ஆகிய இரண்டும் தடித்த உறை கொண்ட வித்துகளாக மாறிக் கொதிநீரிலும் தாக்குப்பிடிக்கக்கூடியவை. அரிசி, பருப்பு, மசாலாப் பொருள்கள், இறைச்சி ஆகியவற்றோடு இவ்வித்துகள் சமையலறைக்குள் வருவதைத் தடுக்க முடியாது. சமைக்கும்போது மற்ற கிருமிகள் அழிந்து போட்டி குறைகிறது. உணவு மெல்ல ஆறும்போது வித்துகள் முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. பெர்ஃபிரிஞ்சன்ஸ் ஏறக்குறைய 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் மிக வேகமாக வளரும். உகந்த சூழலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும், மூன்றாவது மணி நேர முடிவில் இரண்டரை லட்சத்தைக் கடக்கும். பெரிய பாத்திரம் நிறைய இருக்கும் கெட்டியான இறைச்சிக் குழம்பின் நடுப்பகுதி இந்த வெப்பநிலையில் மணிக்கணக்கில் இருக்கும் என்பதால்தான், விருந்துக்குப் பிறகு பலர் ஒன்றாக நோயுறும்போது இந்தக் கிருமியைச் சந்தேகிக்கிறோம்.

பேசில்லஸ் செரியஸ் வேறொரு வகையில் ஆபத்தானது. வெளியே நெடுநேரம் விடப்பட்ட சோறு, பாஸ்தா போன்ற மாவுச்சத்து உணவுகளில் இதன் சில வகைகள் வளர்ந்து, செரியூலைடு என்ற நச்சை உணவிலேயே உண்டாக்கிவிடுகின்றன. அதன் பிறகு அந்த உணவை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கிருமி சாகுமே தவிர, நச்சு அழியாது. அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி தொடங்கும். பலருக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தான நிலைகளும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. "நன்றாகச் சூடாக்கித்தான் கொடுத்தேன்" என்று ஒரு பெற்றோர் கலங்கிச் சொல்லும்போது, அவர்கள் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம் என்பதையும், சூடாக்கியதால் மட்டும் பயன் இருந்திருக்காது என்பதையும் விளக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே குளிரவைப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குளிரவைக்கும் உணவு 5 டிகிரிக்குக் கீழும் சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோடையில் அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். உணவகங்களுக்கான அமெரிக்க மாதிரி விதித்தொகுப்பு இதை இன்னும் நுணுக்கமாக வகுத்து, 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் இறங்க வேண்டும் என்கிறது. முதல் கட்டத்துக்குக் குறைந்த நேரம் தரப்பட்டிருப்பதன் காரணம், கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலைகள் அந்தக் கட்டத்துக்குள் வருவதுதான்.

வீட்டில் இதைச் செய்ய எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. பாத்திரத்தை மாற்றினாலே போதும். கெட்டியான உணவு ஆறும் நேரம் அதன் ஆழத்தைப் பொறுத்துப் பல மடங்கு கூடுகிறது. பத்து சென்டிமீட்டர் ஆழத்தை ஐந்தாகக் குறைத்தால் ஆறும் நேரம் பாதியாக அல்ல, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகவே குறைந்துவிடும். எனவே, உண்டது போக மீதமிருக்கும் உணவைச் சமைத்த பாத்திரத்திலேயே விடாமல், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாதபடி அகலமான தட்டுகளிலோ சிறு டப்பாக்களிலோ பிரித்து ஊற்ற வேண்டும். அவசரமென்றால் அந்த டப்பாக்களைக் குளிர்ந்த நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் வைத்து, உணவை அவ்வப்போது கிளறிவிடலாம். முற்றிலும் ஆறிய பிறகுதான் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் இங்கே தீங்கு செய்கிறது. இரவுச் சமையலை ஆறட்டும் என்று விட்டுவிட்டு, களைப்பில் உறங்கி, காலையில் எழுந்து உள்ளே எடுத்துவைக்கும் வீடுகள் ஏராளம். ஆவி அடங்கியதும், சிறு அளவுகளாக, இளஞ்சூட்டோடு உள்ளே வைப்பதில் தவறில்லை. கொதிக்கும் பெரிய பாத்திரத்தை அப்படியே வைத்தால்தான் உள்ளிருக்கும் மற்ற உணவுகளும் சூடேறும்.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அதன் கதவுப் பகுதி அடிக்கடி வெளிக்காற்றுப்படும் இடம் என்பதால், குழந்தையின் பாலை அங்கே வைக்காமல் உள்தட்டில் வைப்பது நல்லது. பச்சை இறைச்சியும் மீனும் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும். அவற்றின் நீர் சமைத்த உணவின் மீது சொட்டிவிடக் கூடாது. சமைத்த உணவை மூன்று, நான்கு நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்பிவிட வேண்டும். டப்பாவின் மேல் ஒரு சிறு தாளில் தேதியை எழுதி ஒட்டும் பழக்கத்தை நான் எல்லாப் பெற்றோருக்கும் பரிந்துரைக்கிறேன். பரபரப்பான வாரத்தில் எது எந்த நாளில் சமைத்தது என்பது எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. மின்சாரம் நின்றுபோனால், கதவைத் திறக்காத குளிர்சாதனப் பெட்டி சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும்.

மோந்து பார்த்தோ ஒரு துளி ருசித்துப் பார்த்தோ உணவு நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்வதைத் தயவுசெய்து கைவிடுங்கள். புளிப்பு வாடையையும் பிசுபிசுப்பையும் உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு, நோயை உண்டாக்கும் கிருமிகள் வேறு. செரியூலைடுக்கு மணமோ சுவையோ கிடையாது.

மறுபடி சூடாக்கும்போது, உண்ணப்போகும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதி 74 டிகிரியை எட்டும்படி, ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு ஓரிடத்தில் கொதிக்கவும் மற்றோரிடத்தில் குளிர்ந்தே இருக்கவும் விடும் என்பதால், பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்த பின் ஒன்றிரண்டு நிமிடம் மூடிவைக்க வேண்டும். வேலைக்குப் போகும் முன் மின்சார மென்சூட்டுப் பாத்திரத்தில் (ஸ்லோ குக்கர்) உணவை வைத்துவிட்டு மாலையில் வந்து எடுப்பவர்கள், சிவப்பு ராஜ்மாவை ஒருபோதும் நேரடியாக அதில் வேகவைக்கக் கூடாது. அந்தப் பயற்றில் இயற்கையாகவே இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் முழுக் கொதியில்தான் அழியும்; 80 டிகிரி அளவிலான சூட்டில் அதன் நச்சுத்தன்மை பச்சைப் பயற்றைவிட ஐந்து மடங்கு வரை கூடக்கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் முப்பது நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே எந்தச் சமையலிலும் சேர்க்க வேண்டும்.

கேக், பிஸ்கட் போன்றவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் வழக்கம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. நான் மகிழ்ச்சியோடு வரவேற்கும் வழக்கம் இது. தன் கையால் கலக்கிய உணவை, உண்ண அடம்பிடிக்கும் குழந்தையும் விரும்பிச் சாப்பிடுகிறது. ஒரே ஒரு செயலை மட்டும் தடுக்க வேண்டும்: கலவை ஒட்டியிருக்கும் கரண்டியை நக்கக் கொடுப்பது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும்; கோழியின் உடலுக்குள் முட்டை உருவாகும்போதே உள்ளே நுழைந்துவிடக்கூடியது என்பதால் ஓட்டைக் கழுவுவதால் மட்டும் அது போகாது. ஆனால் முட்டை சேர்க்காத கலவை பாதுகாப்பானது என்று எண்ணுபவர்கள் பச்சை மாவை மறந்துவிடுகிறார்கள். கோதுமை வயலில் விளைந்து, அரைபட்டு, கிருமிநீக்கம் எதுவும் இல்லாமலே பையில் அடைபடுகிறது. உலர்ந்த மாவில் கிருமி பெருகாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அமெரிக்காவில் 2009-இல் வேகவைக்காத பிஸ்கட் கலவையாலும், 2016-இல் மாவினாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவால் வரும் நோய் பரவியது; 2016-இல் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் காணப்பட்டவர்கள் 63 பேர். இந்த வகை ஈ.கோலை, சிறு குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வரை கொண்டுபோகக்கூடியது.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்து சுட்டதையும் தரக் கூடாது. ஓவனின் முள் 180 டிகிரியைக் காட்டினாலும், கேக்கின் உட்பகுதியில் ஈரம் இருக்கும் வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. பாட்டுலிசம் என்ற நரம்புகளை முடக்கும் நோயை உண்டாக்கும், தேனில் இருக்கக்கூடிய வித்துகளை அழிக்க அந்தச் சூடு போதாது.

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் மதிய உணவும் இதே நேரக் கணக்குக்குள்தான் வருகிறது. வெப்பம் காக்கும் குடுவையாக இருந்தால், முதலில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவை நிரப்ப வேண்டும். சாதாரண டப்பா என்றால், குளிரவைக்க வேண்டிய உணவோடு ஒரு பனிக்கட்டிப் பையையும் வைக்க வேண்டும். இளஞ்சூடாக அடைத்து அனுப்புவது இரண்டுக்கும் இடைப்பட்ட, மிக மோசமான முறை. சமைப்பவருக்கே வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று இரண்டு நாள் ஆகும் வரை வேறொருவர் சமைப்பது நல்லது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் குழந்தைக்கு வாந்தி வந்துவிட்டால், முதல் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசல். மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் மட்டும் கரைத்து, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டாம். பெரியவர்களுக்கான வயிற்றுப்போக்கு நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைக்குத் தரவே கூடாது. மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, குழிந்த கண்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாமை, வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வரும்போது, கடந்த இரண்டு நாள்களில் குழந்தை உண்டவை, அவை சமைத்த நேரம், அதே உணவை உண்ட மற்றவர்களின் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள். உண்ட நேரத்துக்கும் முதல் வாந்திக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால், எந்தக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும், எந்தப் பரிசோதனை தேவை என்பதை எங்களால் விரைவாகத் தீர்மானிக்க முடியும்.