தட்டில் வந்ததா, மாத்திரையில் வந்ததா?

சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஓட்டம் முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூப்பிடப்படும் வீராங்கனை குறைந்தது 90 மில்லி சிறுநீர் தர வேண்டும். அதை அவரே ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு புட்டிகளில் பிரித்து ஊற்றி மூடுவார். கூடவே ஒரு படிவம்: கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து, மாத்திரை, சத்துப் பவுடர் சாப்பிட்டீர்கள்? சில வாரம் கழித்து ‘தடைசெய்யப்பட்ட மருந்து இருக்கிறது’ என்று கடிதம் வந்தால், உலகம் முழுக்க வீரர்கள் சொல்லும் பதில்களில் ஒன்று இது: “நான் எதையும் போடவில்லை, சாப்பாட்டில்தான் ஏதோ கலந்திருக்க வேண்டும்.”

இதைக் கேட்டதும் நம்பாமல் உதட்டைப் பிதுக்குபவர்கள் அதிகம். ஆனால் சில வழக்குகளில் அது முழு உண்மை. உண்மையா, சாக்கா என்பதைக் கண்டுபிடிக்க வேதியியலில் வழிகளும் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அந்த வழிகளில் நடந்து போக வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்ட வீரர்தான். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான வாடாவின் விதிப்படி, மருந்து உடம்பில் இருந்தாலே விதிமீறல். எப்படி உள்ளே வந்தது, ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்காவது ஆதாரம் காட்டுவது வீரரின் பொறுப்பு.

பிரபலமான வழக்கு ஸ்பெயின் சைக்கிள் வீரர் ஆல்பெர்ட்டோ கொன்டடோருடையது. 2010 டூர் டி பிரான்ஸ் போட்டியின் நடுவில் எடுத்த அவரது மாதிரியில் ஒரு மில்லி லிட்டருக்கு 50 பிக்கோகிராம் கிளென்பியூட்டெரால் என்ற மருந்து இருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த மாட்டிறைச்சியைச் சாப்பிட்டதால்தான் என்றார் அவர். அது எவ்வளவு என்று பார்க்க, நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சுமார் 1,660 லாரித் தண்ணீரில் ஒரே ஒரு கிராம் மருந்தைக் கரைத்தால் கிடைக்கும் செறிவு அது. இன்றைய கருவிகள் இதையும் பிடித்துவிடுகின்றன. பிடித்துவிடுவதால்தான் கறித்துண்டு பற்றிய கேள்வியே எழுகிறது.

கிளென்பியூட்டெரால் ஆஸ்துமா மருந்து வகையைச் சேர்ந்தது. கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டும் என்பதால் விளையாட்டில் தடை. அதே காரணத்துக்காக, கொழுப்பில்லாத கறி நல்ல விலை போகும் என்று சில நாடுகளில் மாட்டுக்கும் பன்றிக்கும் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள். சமைத்தால் பெரிதாக அழிவதில்லை. ஈரலில் கூடுதலாகத் தங்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ கறியில் 1 மைக்ரோகிராம் மருந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 கிராம் சாப்பிட்டால் உடம்புக்குள் போவது 0.2 மைக்ரோகிராம். வேண்டுமென்றே விழுங்கும் மாத்திரை ஒன்றில் 20 மைக்ரோகிராம் இருக்கும். நூறு மடங்கு வித்தியாசம். அப்படியானால் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாமே? முடியாது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 35 மணி நேரம் ஆகிறது. பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்கு வேண்டியது சுமார் இரண்டு வாரம். ஆகவே நேற்று ராத்திரி சாப்பிட்ட கறியும், சுமார் பத்து நாளுக்கு முன் விழுங்கிய மாத்திரையின் மிச்சமும் புட்டிக்குள் ஒரே எண்ணாகத் தெரியலாம். இந்த விவாதம் முழுவதற்கும் வேர் இதுதான். அளவு மட்டும் சாட்சியாகாது. அது எந்த நாளின் அளவு, எந்த ஊரின் கறி என்பதும் தெரிய வேண்டும்.

ஊர் எவ்வளவு முக்கியம் என்று 2011-இல் மெக்சிகோ காட்டியது. அங்கு நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் 208 மாதிரிகளில் 109-இல் கிளென்பியூட்டெரால் இருந்தது. இருபத்துநான்கு நாட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் கூட்டாகச் சதி செய்தார்கள் என்று யாரும் நம்பவில்லை. உள்ளூர் நிலவரம் தெரிந்த மெக்சிகோ அணி இறைச்சியை விட்டு மீனும் காய்கறியுமாகச் சாப்பிட்டது. அந்த அணியில் யாருக்கும் மருந்து தெரியவில்லை. யாரும் திட்டமிடாமலே நடந்துமுடிந்த ஒரு நல்ல பரிசோதனை அது. கொன்டடோருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஐரோப்பாவில் இந்த மருந்தைக் கால்நடைக்குக் கொடுக்கத் தடையும் கண்காணிப்பும் உண்டு. ஸ்பெயின் மாட்டிறைச்சியில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கலப்படமான சத்துப் பவுடரே கூடுதல் சாத்தியம் என்று விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2012-இல் தீர்ப்புச் சொல்லி, இரண்டு ஆண்டு தடை விதித்து, பட்டத்தையும் பறித்தது.

2019-இல்தான் வாடா ஒரு எல்லைக்கோடு போட்டது. கிளென்பியூட்டெரால் உள்ளிட்ட சில கால்நடை மருந்துகள் மில்லி லிட்டருக்கு 5 நானோகிராமுக்குக் கீழே தெரிந்தால் உடனே குற்றம் என்று முத்திரை குத்தாமல், கறியிலிருந்து வந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கொன்டடோரின் அளவு அந்தக் கோட்டில் நூறில் ஒரு பங்கு. நியாயமான மாற்றம், ரொம்பத் தாமதமாக வந்தது என்பது என் வருத்தம்.

எந்த நாள் என்ற கேள்விக்குத் தலைமுடி ஓரளவு பதில் சொல்லும். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ரத்தத்தில் ஓடும் மருந்து வேர்க்காலில் புகுந்து முடியோடு வளர்ந்து வெளியே வரும். வெட்டிய முடியைத் துண்டுதுண்டாகச் சோதித்தால் மாதவாரியான பதிவு கிடைக்கும். கிளென்பியூட்டெரால் கருநிறமியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நம்மைப் போன்ற கருமுடிக்காரர்களிடம் தடயம் நன்றாகவே நிற்கும். மாதக்கணக்கில் மாத்திரை போட்டவர் இதில் தப்புவது கடினம். திருப்பதியிலோ பழனியிலோ மொட்டை போட்டுவிட்டு வந்த வீரருக்கோ, தன் பக்கத்தை நிரூபிக்கக்கூடிய சாட்சி கையைவிட்டுப் போகிறது.

நம் நாட்டு வழக்கு ஒன்றில் அளவே தீர்ப்பைத் தீர்மானித்தது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவிடம் மெத்தாண்டினோன் என்ற ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டது. சோனிபட் பயிற்சி மையத்தில் தன் சாப்பாட்டிலும் பானத்திலும் யாரோ கலந்துவிட்டார்கள் என்றார். தேசிய முகமையான நாடா அதை ஏற்று விடுவித்தது. வாடா மேல்முறையீடு செய்தது. பானத்தில் தூவிய பொடியால் அவ்வளவு செறிவு வராது, ஒன்றிரண்டு மாத்திரை விழுங்கியிருந்தால்தான் வரும் என்று நிபுணர் சொன்ன சாட்சியத்தை நடுவர் மன்றம் ஏற்றது. களமிறங்க இருந்த நாளுக்கு முந்தைய நாள் நான்கு ஆண்டு தடை.

உடம்பே தயாரிக்கும் ஹார்மோன்களில் கதை வேறு. டெஸ்டோஸ்டீரோன் எல்லோரிடமும் உண்டு. நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் கழிவுப்பொருளும் துளியளவு இயல்பாகவே தெரியலாம். இங்கே கார்பன் அணுக்களின் எடையைப் பார்க்கிறார்கள். மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு போன்றவை காற்றிலிருந்து கார்பனை இழுக்கும் முறை ஒன்று. நெல், கோதுமை, சோயா போன்றவற்றின் முறை வேறு. இரண்டாவது கூட்டத்தில் கனமான கார்பன்-13 குறைவு. ஆலையில் செய்யும் ஸ்டீராய்டு பெரும்பாலும் சோயா போன்ற செடிகளிலிருந்து வருவதால் அதிலும் குறைவு. அப்படியானால் மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் நம்மவர் மாட்டிக்கொள்வாரா? மாட்டார். அதே சிறுநீரில் உள்ள வேறொரு இயற்கை ஸ்டீராய்டோடுதான் ஒப்பிடுவார்கள். சாப்பாடு எதுவானாலும் இரண்டும் சேர்ந்தே மாறும். வெளியிலிருந்து வந்தது மட்டும் தனித்து நிற்கும். அமெரிக்க ஓட்டக்காரர் ஷெல்பி ஹூலிஹான், காயடிக்காத பன்றியின் உள்ளுறுப்பு கலந்த பரிட்டோ என்ற மெக்சிகோ ரொட்டிச் சுருளால்தான் நாண்ட்ரோலோன் வந்தது என்றார். அத்தகைய பன்றியில் அது இயற்கையாகவே உண்டு என்பது உண்மை. ஆனாலும் 2021-இல் நடுவர் மன்றம் அந்த விளக்கத்தை ஏற்காமல் நான்கு ஆண்டு தடை விதித்தது.

நம் அடுக்களையில் இந்தக் கேள்விக்குரிய பொருள் கசகசா. அதைச் சாப்பிட்டவரின் சிறுநீரில், தடைசெய்யப்பட்ட போதை வலிமருந்தான மார்ஃபின் தெரியலாம். விதைக்குள் அது அநேகமாக இல்லை. காயின் பால் விதையின் மேல் ஒட்டியிருப்பதுதான் காரணம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். குருமாவுக்கு வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு சேர்த்தே அரைக்கும் வீடுகள்தான் அதிகம். மார்ஃபினுக்கு வாடா வைத்திருக்கும் வரம்பு மில்லி லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், கொன்டடோரிடம் கண்டதைப் போல 20,000 மடங்கு. தடையும் போட்டிக் காலத்துக்கு மட்டும்தான். அது முந்தைய நாள் இரவு 11.59-க்குத் தொடங்குகிறது. ஒரு கரண்டி குருமாவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கசகசாவை வாரி இறைத்த அல்வாவையோ பாயாசத்தையோ போட்டிக்கு முந்தைய நாள் தவிர்ப்பது நல்லது.

சென்னைப் பிள்ளைகளைப் பொறுத்தவரை எனக்குக் கறிக்கடையைவிடப் பெரிய கவலை ஜிம்மில் கைமாறும் பவுடர் டப்பாதான். லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு உள்ளே இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். கறியை விட இதில் ஒரு வசதி உண்டு: சாப்பிட்ட கறி திரும்பி வராது, பவுடர் மிஞ்சும். அதே பேட்ச் எண் கொண்ட, சீல் பிரிக்காத டப்பாவைச் சோதித்து அதில் மருந்து இருப்பதைக் காட்டினால் தண்டனை குறைய வழி இருக்கிறது. அதற்குக் கடை பில் வேண்டும், ஆய்வகக் கட்டணம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். விடுதியில் தங்கி ஓடும் பிள்ளைக்கு இவை எங்கிருந்து வரும்? சங்கங்களும் அரசும் அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பில்லைப் பத்திரமாக வைப்பதும், அந்த ஏழு நாள் படிவத்தில் பவுடரின் பெயரை விடாமல் எழுதுவதும் மட்டும் இப்போதைக்குச் செலவில்லாமல் செய்யக்கூடியவை. எழுதாமல் விட்ட டப்பாவைப் பிறகு காரணமாகக் காட்டினால், அன்றைக்கு ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.