கன்று போட்ட மாட்டின் குறுக்கே போகாதீர்கள்

இந்தக் கோடையில் இவர் நான்காவது ஆள். மூன்று விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, பேச மூச்சில்லாமல் வந்தார். நம்மூர்க்காரர், ஐம்பது தாண்டியவர். இங்கிலாந்தில் இல்க்லியிலிருந்து விண்டர்மியர் ஏரிக்கரை வரை போகும் டேல்ஸ் வே நடைபாதையில், 80 மைலையும் நடந்து முடிக்கக் கிளம்பியவர். "கால் இடறி விழுந்துட்டேன்" என்றார். அவர் மனைவிதான் உண்மையைச் சொன்னார்: "இல்ல டாக்டர், மாடு மிதிச்சிருச்சு. கெட்டில்வெல் தாண்டி, ஆத்தோரப் புல்வெளியில."

வட இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பென்னைன் வே, ஹேட்ரியன் சுவர்ப் பாதை, டேல்ஸ் வே என்று எதில் நடந்தாலும் பாதை வயலுக்கு நடுவேதான் போகும். அந்த வயலில் மாடு மேயும். அது சட்டப்படி சரி. நடக்க வருகிறவர்கள் மழைக்கும் கொப்புளத்துக்கும் தயாராக வருகிறார்கள், மாட்டைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை.

"பசு சாதுதானே, காளைதானே முட்டும்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நம் வீட்டுப் பசு கயிற்றில் கிடக்கும், தினமும் இரண்டு வேளை மனிதக் கை படும். இந்த மேய்ச்சல் வெளிகளில் பெரும்பாலும் இருப்பது கறிக்காகக் கன்று வளர்க்கும் மந்தை. கன்று மாதக்கணக்கில் தாயோடேயே திரியும். அந்தத் தாயை யாரும் கறப்பதில்லை, தடவிக் கொடுப்பதில்லை. எடை 600 கிலோவுக்கு மேல் போகும். "கன்னு போட்ட மாட்டுக்கிட்ட போகாதே" என்று நம் கிராமத்துப் பாட்டிகளே சொல்வார்களே, இங்கே வந்ததும் அது எப்படி மறந்துபோகிறது? காளை விஷயத்திலாவது சட்டம் உண்டு: பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால் இனக் காளையைப் பொதுவழி போகும் வயலில் விடக்கூடாது. கன்றோடு நிற்கும் பசுவுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. காளை இல்லை என்று நிம்மதியாக உள்ளே போகிறவர்கள்தான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட்டின் விலா எலும்பை 2009இல் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் முறித்ததும் ஒரு பசுதான். பார்வையற்ற அவரோடு வழிகாட்டி நாயும் இருந்தது.

நாய் கூட இருந்தால் ஆபத்து பல மடங்கு. மாட்டுக்கு நாய் என்றால் கன்றைக் கடிக்க வந்த மிருகம். மாடுகள் இருக்கும் வயலில் நாயை வாரில் பிடித்துத்தான் நடக்க வேண்டும், சரி. ஆனால் மாடு துரத்த ஆரம்பித்த நொடியில் வாரை விட்டுவிடுங்கள். அரசின் நாட்டுப்புற விதிகளும் இதையேதான் சொல்கின்றன. நாய் ஓடித் தப்பிவிடும், உங்களால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. செல்லமாயிற்றே என்று தூக்கி மார்போடு அணைத்துக்கொள்ளாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாயைத் தேடி வரும் மாடு உங்கள் மார்பில்தான் இடிக்கும்.

கேட்டைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கன்று எங்கே, தாய் எங்கே? இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். பாதை மந்தைக்குள் போனால் வேலி ஓரமாகச் சுற்றிப் போங்கள், முடியாவிட்டால் வேறு வழி பாருங்கள். ஓடாதீர்கள், கத்தாதீர்கள், செல்ஃபி எடுக்கக் கிட்டே போகவே போகாதீர்கள். கிடேரிகள் கூட்டமாக ஓடி வந்தால் அது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான். அவற்றின் பக்கம் திரும்பி, கைகளை விரித்து நின்றால் பொதுவாக நின்றுவிடும். அப்புறம் மெதுவாக வெளியே வந்துவிடுங்கள்.

மிதிபட்டால், எழுந்து நடக்க முடிகிறதே என்று அடுத்த ஊர் வரை நடக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழையுங்கள். மண்ணீரல் கிழிந்து மெதுவாக ரத்தம் கசிகிறவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். விழுந்தேன் என்று சொன்னால் கை, கால், இடுப்பு என்று பார்க்கத் தொடங்குவோம். மாடு என்று சொன்னால் நேராக மார்பையும் வயிற்றையும் ஸ்கேன் எடுக்க அனுப்புவோம். கூச்சப்படாமல் மாடு என்றே சொல்லுங்கள்.