டர்ட்டி பைப்: இரண்டே வரியில் அடைபட்ட கெர்னல் ஓட்டை

2022 பிப்ரவரி 23 அன்று, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 5.16.11, 5.15.25, 5.10.102 என்ற மூன்று பதிப்புகள் வெளிவந்தன. அவற்றிலிருந்த பல திருத்தங்களில் ஒன்று மிகச் சிறியது. இரண்டு ஃபங்ஷன்களில் தலா ஒரு வரி, இரண்டிலும் ஒரே வேலை: ஒரு மாறியின் மதிப்பைப் பூஜ்ஜியமாக்குவது. திருத்தத்துடன் வந்த குறிப்பும், அந்த மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டிருந்தது, இப்போது கொடுத்திருக்கிறோம் என்ற அளவில்தான் இருந்தது. மார்ச் 7 அன்று முழு விவரம் வெளியானபோதுதான் அந்த வரிகளின் கனம் பலருக்குத் தெரிந்தது. ஒரு கோப்பைப் படிக்க மட்டுமே அனுமதி உள்ள சாதாரணப் பயனர் அதை மாற்றி எழுதலாம், அதன் வழியாகக் கணினியின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரத்தையே கைப்பற்றலாம். சிவிஇ-2022-0847 என்பது இதன் பதிவு எண், டர்ட்டி பைப் என்பது அழைக்கும் பெயர்.

இது எப்படி நடந்தது என்று புரிய, கெர்னலுக்குள் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது பேஜ் கேஷ். வட்டிலுள்ள கோப்பை ஒரு நிரல் படிக்கும்போது, கெர்னல் அதை 4,096 பைட் கொண்ட பக்கங்களாக நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்துக்கொள்கிறது. அடுத்து யார் அதே கோப்பைக் கேட்டாலும் அதே பக்கங்கள்தான் கிடைக்கும். ஒரு நிரல் கோப்பில் எழுதினால் முதலில் மாறுவதும் இந்தப் பக்கம்தான். கெர்னல் அதை 'மாறியது' என்று குறித்துவைத்துப் பிறகு வட்டில் எழுதும். ஆகவே பேஜ் கேஷில் என்ன இருக்கிறதோ அதுவே, அந்தக் கணத்தில் இயங்கும் எல்லா நிரல்களுக்கும் கோப்பின் உள்ளடக்கம்.

இரண்டாவது பைப். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக அனுப்பும் வழி இது. உள்ளே ஒரு வளையம், அதில் இயல்பாக 16 இடங்கள், ஒவ்வொரு இடமும் ஒரு பக்கத்தைச் சுட்டும். மொத்தம் 65,536 பைட். மூன்று பைட் எழுதிவிட்டுப் பிறகு இன்னும் மூன்று பைட் எழுதினால், அதற்காகப் புதிய பக்கம் ஒதுக்குவது வீண். பழைய பக்கத்தில் இடம் இருந்தால் அதன் வாலிலேயே சேர்த்துவிடலாம். சேர்க்கலாமா கூடாதா என்பதைச் சொல்ல, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கொடி உண்டு. கெர்னல் மொழியில் அது 'ஃபிளாக்'.

இந்த இரண்டையும் இணைப்பது 'ஸ்ப்ளைஸ்' என்ற சிஸ்டம் கால், அதாவது ஒரு நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு. கோப்பிலுள்ள தரவைப் பைப்பில் போட வேண்டுமென்றால், பைட் பைட்டாக நகலெடுக்காமல், பேஜ் கேஷில் இருக்கும் அதே பக்கத்தை வளையத்தின் ஓர் இடத்தில் சுட்டிவிடும். வேகத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பக்கம் பைப்புக்குச் சொந்தமானதல்ல, கோப்புக்குச் சொந்தமானது. அதன் வாலில் எதையும் சேர்க்கக் கூடாது. அதாவது, அந்த இடத்தின் ஃபிளாக் காலியாக இருந்தே தீர வேண்டும்.

இங்கேதான் பிழை. 2016இல், 4.9 பதிப்பை ஒட்டிச் சேர்ந்த குறிமுறை, புதிய இடத்தை நிரப்பும்போது மற்ற விவரங்களை எழுதியது, ஃபிளாக்கை மட்டும் எழுதவில்லை. முந்தைய வகுப்பு எழுதியதைத் துடைக்காத கரும்பலகை போல, அந்த இடத்தில் பழைய மதிப்பு அப்படியே நின்றது. ஆனால் அப்போது அதனால் எந்தக் கேடும் இல்லை, ஏனென்றால் வாலில் சேர்க்கலாமா என்பதை அந்நாளில் கெர்னல் வேறு வழியில் முடிவு செய்தது. 2020 ஆகஸ்டில் வந்த 5.8 பதிப்பில் குறிமுறையைச் சீராக்கும்போது, அந்த முடிவை ஃபிளாக்குக்கு மாற்றினார்கள். மாற்றியவரின் வேலையில் தவறு ஒன்றும் இல்லை, அதைத் தனியாகப் படித்தால் குறை காணவே முடியாது. நான்கு ஆண்டுகளாகச் சும்மா கிடந்த ஒரு விடுபடல், அன்று முதல் பாதுகாப்பு ஓட்டையானது. பாதுகாப்புப் பிழைகளை மாற்றங்களின் பட்டியலை மட்டும் படித்துக் கண்டுபிடிக்க முடியாததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் மேக்ஸ் கெல்லர்மன். ஜெர்மனியில் இணையத்தள ஹோஸ்டிங் சேவையில் பணிபுரிபவர். ஓட்டை தேடி அவர் போகவில்லை. 2021 ஏப்ரலில் ஒரு வாடிக்கையாளரின் புகார் வந்தது: இறக்கிய லாக் கோப்பை, அதாவது சர்வரின் நிகழ்வுப் பதிவை, விரிக்க முடியவில்லை. பார்த்தால், சுருக்கி வைத்த அந்த ஜிஜிப் கோப்பின் உள்ளடக்கம் சரியாக இருந்தது, கடைசியில் சரிபார்ப்பு எண் மட்டும் பொருந்தவில்லை. மாதங்கள் போகப் போக அதே மாதிரி இன்னும் சில கோப்புகள் கெட்டன.

கெட்ட கோப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. கெட்டவற்றில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நாளுக்குரிய லாக் கோப்புகள். எல்லாவற்றிலும் கடைசி எட்டு பைட்டுகள்தான் மாறியிருந்தன, அதுவும் ஒரே எட்டு பைட்டுகளாக. அவற்றில் முதல் இரண்டு 'பி' (P), 'கே' (K) என்ற ஆங்கில எழுத்துகள். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் கேட்ஸின் முதலெழுத்துகள் அவை, எந்த ஜிப் கோப்பைத் திறந்தாலும் கண்ணில் படும். அடுத்த இரண்டு பைட்டுகள், ஜிப் கோப்பின் இறுதியில் வரும் உள்ளடக்க அட்டவணை இங்கே தொடங்குகிறது என்பதன் குறி.

அங்கிருந்து கதை அவிழ்கிறது. நாள்தோறும் ஒரு ஜிஜிப் கோப்பாக லாக் சேமிக்கப்படும். வாடிக்கையாளர் மாத லாக்கைக் கேட்டால், சர்வர் அந்த நாள்களின் கோப்புகளை ஸ்ப்ளைஸ் மூலம் வரிசையாக அனுப்பி, முடிவில் ஜிப் அட்டவணையைச் சாதாரணமாக எழுதும். மற்ற நாள்களின் கோப்புக்குப் பின்னால் இன்னொரு கோப்பு வரும், கடைசி நாளுக்குப் பின்னால் மட்டும்தான் அட்டவணை வரும். ஜிஜிப்பின் இறுதி எட்டு பைட்டுகள் சரிபார்ப்பு எண்ணும் நீளமும். ஜிப்புக்குள் அவை தேவையில்லை என்பதால் ஸ்ப்ளைஸ் அவற்றுக்கு முன்பே நின்றுவிடும். அடுத்து எழுதிய அட்டவணை, ஃபிளாக் துடைக்கப்படாததால், அந்த நின்ற இடத்திலிருந்தே பேஜ் கேஷ் பக்கத்தில் விழுந்தது. எட்டு பைட்டுக்குப் பிறகு கோப்பு முடிந்துவிடுகிறது, மிச்சம் யார் கண்ணிலும் படவில்லை.

இத்தனைக்கும் அந்த சர்வரில் ஜிப் தயாரிக்கும் நிரலுக்கு லாக் கோப்புகளில் எழுதும் அனுமதியே கிடையாது. தன் நிரல்களில் பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, கெல்லர்மன் மிகச் சிறிய இரண்டு நிரல்களை எழுதினார். ஒன்று, கோப்பில் 'ஏ' (A) எழுத்தை ஐந்தைந்தாக எழுதிக்கொண்டே இருக்கும். மற்றொன்று, அந்தக் கோப்பிலிருந்து இரண்டு பைட்டை ஸ்ப்ளைஸ் செய்து, பிறகு பைப்பில் ஐந்து 'பி' (B) எழுதும். கோப்பில் 'பி' என்ற எழுத்து வரவே கூடாது. வந்தது. அதன்பின் பழைய, புதிய கெர்னல்களில் மாறி மாறிச் சோதித்து, சிக்கல் தொடங்கியது 5.8இல் என்று பிடித்தார். தன் நிரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்பும் பழக்கம் நல்ல பொறியாளர்களிடம் உண்டு. இங்கே அதையும் கடந்து கெர்னலைச் சந்தேகிக்க, இவ்வளவு சிறிய சான்று அவருக்குத் தேவைப்பட்டது.

தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்வது கடினமில்லை. பைப்பை முழுக்க நிரப்பினால் 16 இடங்களிலும் 'சேர்க்கலாம்' என்ற ஃபிளாக் ஏறும். முழுக்க வெளியே எடுத்தால் தரவு போகும், ஃபிளாக் நிற்கும். இலக்குக் கோப்பிலிருந்து ஒரு பைட்டை ஸ்ப்ளைஸ் செய்தால் அதன் பக்கம் வளையத்தில் வந்து அமரும், பழைய ஃபிளாக்கோடு. அடுத்து எழுதுவது கோப்பின் மேல் விழும்.

வரம்புகளும் உண்டு. குறைந்தது ஒரு பைட்டையாவது ஸ்ப்ளைஸ் செய்தாக வேண்டும், அதனால் ஒரு பக்கத்தின் முதல் பைட்டை மாற்ற முடியாது. ஒரு முறை எழுதுவது அந்தப் பக்கத்தைத் தாண்டாது. கோப்பை நீட்டவும் முடியாது. ஆனால் தாக்குபவருக்கு இவை எதுவும் தடையல்ல. பயனர் பட்டியல் இருக்கும் 'பாஸ்வேர்டு' கோப்பை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் படிக்க அனுமதி உள்ள கோப்பு அது. அதன் முதல் வரி ரூட் கணக்குக்குரியது, முதல் நான்கு எழுத்துகள் 'ரூட்' என்ற பெயர். மாற்ற வேண்டிய கடவுச்சொல் புலம் அதற்கு அடுத்துத்தான் தொடங்குகிறது.

இதைவிடக் கவலை தருவது, தடயம் நிற்காமல் போவது. இந்த வழியில் மாறிய பக்கத்தை கெர்னல் 'மாறியது' என்று குறிப்பதில்லை. வேறு ஏதாவது காரணத்தால் அந்தப் பக்கம் எழுதப்பட்டால் ஒழிய வட்டில் பழைய கோப்பே இருக்கும், மாற்றிய நேரமும் பழையதே. ரீபூட் செய்தால் மாற்றம் மறைந்துவிடும். படிக்க மட்டும் என்று இணைத்த வட்டும், மாற்றக் கூடாது என்று பூட்டிய கோப்பும்கூட இதற்கு விலக்கல்ல, ஏனெனில் அந்தத் தடைகளெல்லாம் கோப்பில் எழுதும் முறையான வழியில் நிற்கின்றன. ஒரே இமேஜிலிருந்து (கோப்புகளின் அச்சுப் பிரதியிலிருந்து) ஓடும் கன்டெய்னர்கள், அதாவது ஒரே கெர்னலில் தனித்தனியாக இயங்கும் நிரல் அறைகள், அடித்தளக் கோப்புகளின் பக்கங்களைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றிலும் தெரியும்.

ஓட்டையின் தீவிரத்தைப் பத்துக்கு அளக்கும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் 7.8 என்பதையும், தாக்குபவர் ஏற்கெனவே கணினிக்குள் இருக்க வேண்டும் என்பதையும் வைத்து இதைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. அது தவறான கணக்கு. வலைத்தளத்தில் ஒரு பழைய பிளகின் வழியாக நுழைபவருக்கு முதலில் கிடைப்பது வெப் சர்வரின் எளிய கணக்குதான். அங்கிருந்து ரூட் வரை ஏற இத்தகைய ஓட்டைகள்தான் ஏணி. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, உண்மையாகவே தாக்குதலில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதை 2022 ஏப்ரலில் சேர்த்தது.

தப்பித்த கணினிகளும் பல. உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் விநியோகத்தின் தொடக்க கெர்னல் 5.4, அதில் இந்த ஓட்டை இல்லை. அதே உபுண்டுவில் புதிய வன்பொருளுக்காக 5.13 கெர்னலுக்கு மாறியவர்களுக்கு இருந்தது. ஆண்ட்ராய்டிலும் அப்படியே: 5.10 கெர்னலோடு வந்த பிக்சல் 6, கேலக்ஸி எஸ்22 போன்ற அப்போதைய புதிய போன்கள்தான் மாட்டின.

ஒரு சர்வரில் இந்தத் திருத்தம் இருக்கிறதா என்று பார்க்கும்போது பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். டெபியன் 11 என்ற லினக்ஸ் விநியோகத்தில் இதற்கான திருத்தம் 5.10.92-2 என்ற தொகுப்பில் வந்தது. 5.10.102ஐவிடச் சின்ன எண், ஆனால் ஓட்டை அடைபட்டது. டெபியன் குழு, முழுப் பதிப்பையும் மாற்றாமல் அந்த இரண்டு வரியை மட்டும் பின்னோக்கிச் சேர்த்திருந்தது. எனவே உங்கள் விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்பில் இந்த சிவிஇ எண்ணுக்கு நேரே எந்தத் தொகுப்பு எண் இருக்கிறது என்று பார்த்து, அதோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட வேண்டியதும் நிறுவிய தொகுப்பை அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை. அப்டேட் கட்டளை புதிய கெர்னலை வட்டில் வைக்கிறது, அவ்வளவுதான். நினைவகத்தில் ஓடுவது ரீபூட் ஆகும்வரை பழையதே. தொகுப்புப் பட்டியல் புதிய எண்ணைக் காட்டும், ஓட்டையோ திறந்தே இருக்கும். 'யூநேம்' கட்டளைதான் ஓடுவதைக் காட்டும். டெபியனில் அதன் 'ஆர்' விருப்பம் காட்டும் எண்ணில் தொகுப்பின் உண்மையான எண் இருக்காது, 'வி' விருப்பம் கொடுத்தால் அது தேதியோடு வரும். ரீபூட் செய்த பிறகும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பூட் மெனுவில் பழைய கெர்னல் இயல்பானதாகக் குறிக்கப்பட்டிருந்தால், கணினி மீண்டும் அதிலேயே எழுந்து நிற்கும்.