அப்பா அந்த 90 பேரில் ஒருவரா?

"அறுவை சிகிச்சை செய்தால் 100 பேரில் 90 பேர் பிழைக்கிறார்கள் என்றார் டாக்டர். என் அப்பா பிழைப்பாரா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அவருக்குத் தெரியாதா, மறைக்கிறாரா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

பெரும்பாலும் தெரியாது என்பதே உண்மை. ஸ்கேனில் தெரியாத சிக்கல் வயிற்றைத் திறந்த பிறகு தெரியும். ஒரே வயது, ஒரே நோய் என்றாலும் ஒருவருக்குக் குடலில் போட்ட தையல் ஆறும், இன்னொருவருக்குக் கசியும். 90 என்பது கூட்டத்தின் கணக்கு.

அந்தக் கணக்கைச் சொல்லும் விதமே முடிவை மாற்றிவிடும். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா, கதிர்வீச்சா என்று மருத்துவர் பார்பரா மெக்நீல், உளவியலாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கி உள்ளிட்டோர் 1982இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டார்கள். சிலரிடம் பிழைப்போர் கணக்கு, சிலரிடம் இறப்போர் கணக்கு, எண்கள் ஒன்றுதான். இறப்புக் கணக்கைக் கேட்டவர்களில் அறுவையைத் தேர்ந்தவர்கள் குறைந்தார்கள். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் கிரெட்சன் ஷ்வார்ட்ஸியின் குழு இதற்கு உருவாக்கிய வழி என்னை மிகவும் கவர்ந்தது. தேவை ஒரு பேனாவும் தாளும். சிகிச்சைக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள். உச்சியில் நட்சத்திரம்: எல்லாம் நன்றாக நடந்தால். அடியில் சதுரக் கட்டம்: எல்லாம் கைவிட்டுப் போனால். இடையில் ஒரு நீள்வட்டம்: பெரும்பாலும் நடக்கக்கூடியது.

குடல் கிழிந்த, தளர்ந்த முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அறுவைக் கோடு நீளமானது. அதன் நட்சத்திரத்திலேயே பல வாரம் மருத்துவமனை, வீடு திரும்பினாலும் குளிக்க ஆள் துணை. கட்டத்தில், வென்டிலேட்டரோடு, ஒரு வார்த்தை பேச முடியாமல் மரணம். வலி தணிக்கும் சிகிச்சை மட்டும் என்றால் கோடு குட்டையானது: சில நாட்கள், உறவுகள் அருகில். தெரியாமையின் அளவு கோட்டின் நீளமாகக் கண்ணெதிரே நிற்கிறது! அடுத்து, நீள்வட்டத்தை எங்கே போடுவது என்று பேனா ஒரு கணம் தயங்குகிறது. தளர்ந்த உடலுக்கு அது கட்டத்தை ஒட்டியே விழும். மருத்துவர் சொல்லத் தவிக்கும் செய்தியை அந்த வட்டம் சொல்லிவிடுகிறது. "படுக்கையில் கிடப்பது எனக்கு வேண்டாம்" என்றோ, "பேத்தியைப் பார்க்க ஒரு மாதம் கிடைத்தாலும் போதும்" என்றோ நோயாளி வாய் திறப்பதும் அப்போதுதான்.

புதுக் கருவிகளுக்கு ஒதுக்கும் ஆராய்ச்சி நிதியில் ஒரு சிறு பங்காவது இப்படிப் பேசும் முறைகளுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்கு: படிவத்தில் கையெழுத்திடும் முன் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள். "எல்லாம் நன்றாக நடந்தால் மூன்று மாதம் கழித்து அப்பாவின் ஒரு நாள் எப்படி இருக்கும்? மோசமாகப் போனால்? நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள்?"